மைக்கில் சொன்ன சாட்சி

பாஸ்டர் ஜெபினுக்குப் பொய் சொல்ல வராது என்று சபையில் எல்லோரும் சொல்வார்கள். அது உண்மைதான். அவர் தாமாக ஒரு பொய்யும் சொன்னதில்லை. சக்தியைச் சொல்ல வைத்தார், அவ்வளவுதான்.

ஜெபின் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். வேதாகமக் கல்லூரி முடித்த கையோடு, சம்பளம் தருகிற பெரிய சபைகளையெல்லாம் விட்டுவிட்டு, தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூரில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஏரிக்கரைக் காலனிக்கு வந்தார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கொட்டகையில் ஜெப வீடு ஆரம்பித்தார். தாம்பரத்தில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் அந்தக் காலனியின் பெயரைக் கேட்டால் புரோக்கரையே மாற்றிவிடுவார்கள். இன்றைக்கு ஒருவன் வெட்டுப்பட்டு விழுந்தால், அவனுடைய ஆட்கள் பழிவாங்க எப்போது கிளம்புவார்கள் என்றுதான் அங்கே பேச்சாக இருக்கும். ஜெபின் அந்தப் பையன்களைத் தேடிப் போனார். சிறையில் மனு போட்டுப் பார்த்தார், கோர்ட் வராந்தாவில் அவர்களுடைய அம்மாக்களோடு உட்கார்ந்திருந்தார், வெளியே வந்தவர்களுக்கு வேலைக்காக நாலு இடத்தில் சொல்லி வைத்தார். அவரை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், சோம்பேறி என்று மட்டும் சொல்ல முடியாது.

சக்தியை அவர் சந்தித்ததும் சிறையில்தான். சக்தி ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன். காலனியில் மண் லாரி மாமூல் தகராறில் கோபு என்ற பையனை வெட்டப் போனவர்கள் சக்தியின் ஆட்டோவில்தான் போனார்கள். முகத்தில் கர்சீப் கட்டிய நாலு பேர். தெருமுனையில் நிறுத்தி இன்ஜினை ஓடவிடச் சொன்னார்கள், இவனும் ஓடவிட்டான். திரும்பி வந்து ஏறினார்கள், வண்டியை எடுத்தான். கோபு செத்துப்போனான். எதற்குப் போகிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். யாருடைய கை வெட்டியது என்று தெரியாது. அது கோர்ட்டுக்கும் கடைசிவரை தெரியவில்லை. பார்த்தவர்கள் யாரும் பார்த்ததாகச் சொல்லாததால் எல்லோரும் விடுதலையானார்கள். கோபுவின் அம்மா முத்தாலம்மாள் தீர்ப்பு முடிந்து மீன் கூடையோடு கடைக்குப் போய்விட்டாள்.

வெளியே வந்த சக்தியை ஜெபின் விடவில்லை. வாரம் தவறாமல் அவனோடு உட்கார்ந்தார். தண்ணீர் கேன் போடும் வேலை வாங்கிக் கொடுத்தார். பழைய சிநேகிதர்கள் கூப்பிட வந்தபோது வாசலில் நின்று, இவன் வரமாட்டான் என்று சொல்லி அனுப்பினார். மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் தையல் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்த சத்யப்ரியாவைக் கட்டிவைத்ததும் அவர்தான். கல்யாணத்துக்கு முன்னால் சக்தி அவளிடம் ஆட்டோ விஷயத்தை ஒன்று விடாமல் சொன்னான். அவள் நன்றாக யோசித்துவிட்டுத்தான் சரி என்றாள். ஜெபின் சக்திக்குச் செய்ததில் முக்கால்வாசி நல்லதுதான். மீதிக் கால்வாசியைப் பற்றித்தான் இந்தக் கதை.

நம் சபைகளில் சாட்சி என்று ஒரு வழக்கம் உண்டு. ஆராதனையில் பாட்டு முடிந்ததும் யாராவது எழுந்து, ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சொல்வார்கள். வேலை கிடைத்தது, வியாதி போனது, குடி நின்றது. கேட்கிறவர்கள் விஷயத்தின் கனத்துக்குத் தகுந்தபடி அல்லேலூயா சொல்வார்கள். சக்தி முதல்முதலாக அஸ்தினாபுரத்தில் ஒரு சபையில் சாட்சி சொன்னபோது, நடந்ததை நடந்தபடியே சொன்னான். ஆட்டோ ஓட்டினேன், தப்புதான், இப்போது ஓட்டுவதில்லை என்று முடித்துக்கொண்டான். அதற்கு முன்னால் ஒரு பெண்மணி சிறுநீரகக் கல் கரைந்ததைச் சொல்லியிருந்தார். கல்லுக்கு விழுந்த அல்லேலூயாவில் பாதிகூட இவனுக்கு விழவில்லை.

திரும்பி வரும்போது ஜெபினுக்கு மனசு ஆறவில்லை. இவ்வளவு பெரிய மாற்றத்தை இவன் தண்ணீர் கேன் இறக்குவது மாதிரி தொப்பென்று இறக்கிவிட்டானே என்று இருந்தது. ஆண்டவர் பார்வையில் ஓட்டினவனும் வெட்டினவனும் ஒன்றுதான் என்று அவனுக்கு விளக்கினார். அதனால் நீயும் இறங்கிப் போனதாகச் சொன்னால் அது பொய்யாகாது என்றார். சக்தி தலையாட்டினான். அவர் சொல்லி அவன் எதற்கும் தலையாட்டாமல் இருந்ததில்லை. அடுத்த சபையில் அவன் ஆட்டோவை விட்டு இறங்கினான். அதற்கடுத்த சபையில் கையில் கத்தி இருந்தது. குரோம்பேட்டைக்குப் போனபோது வெட்டியே விட்டான். அல்லேலூயா கூரையைத் தூக்கியது. அந்த ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் அதைக் கேட்டு அழுதுகொண்டே ஜெபத்துக்கு வந்தார்கள். இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும் என்று ஜெபின் நினைத்துக்கொண்டார்.

காலனியில் மட்டும் சக்தி சாட்சி சொன்னதில்லை. சொல்ல மாட்டேன் என்றான். ஆனால் அந்த வருஷம் காலனி மைதானத்திலேயே நற்செய்திக் கூட்டம் போட்டார்கள். டிஜிட்டல் பேனரில் சக்தியின் முகம், கீழே "அன்று அரிவாள், இன்று வேதம்" என்று கொட்டை எழுத்து. சக்தி பேனரைப் பார்த்துவிட்டு ஜெபினிடம் ஓடி வந்தான்.

"இங்க வாணாண்ணா. கோபு அம்மா இங்கதான் கீறாங்க."

"அதுக்குத்தான் சக்தி, இங்க சொல்லணும்" என்றார் ஜெபின்.

அன்றைக்குச் சாயங்காலம் சக்தி மேடையேறி, பழகிப்போன குரலில், தான் செய்யாத கொலையைச் செய்ததாகச் சொன்னான். காலனியின் ஒவ்வொரு கம்பத்திலும் ஒலிபெருக்கி கட்டியிருந்தது. வீட்டில் உலை வைத்துக்கொண்டிருந்த முத்தாலம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். கூட்டம் தானாக வழி விட்டது. மேடைக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் சக்தியின் தலையில் கையை வைத்து, நீயாவது வாயைத் திறந்து சொன்னாயே, போ, நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்றாள். மைதானமே அழுதது. ஜெபினும் அழுதார். அது பொய்யழுகை இல்லை.

ஆனால் கையெடுத்துக் கும்பிட்டபடி நின்ற சக்தி அழவில்லை. அவன் கீழே கூட்டத்தில் சத்யப்ரியாவைத் தேடிக்கொண்டிருந்தான். கைக்குழந்தையோடு வேறு சபைகளுக்குப் போகமுடியாததால் அவள் அன்றைக்குத்தான் புருஷனுடைய சாட்சியை முதல்முறை கேட்டாள். அவன் வீட்டுக்குப் போனபோது அவள் பையைக் கட்டி வைத்திருந்தாள். கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கல்யாணத்துக்கு முன்னால் என்னிடம் சொன்னது பொய்யா, இன்றைக்கு ஆண்டவர் முன்னால் சொன்னது பொய்யா? சக்தியால் பாஸ்டரைக் காட்டிக்கொடுக்க முடியவில்லை. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழ்க்கட்டளையில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

முத்தாலம்மாளோ ஆளே மாறிப்போனாள். தெருவில் போகிற பையன்களின் கையையெல்லாம் உற்றுப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு இருந்தது. இவனாக இருக்குமோ, அவனாக இருக்குமோ என்று. அது நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெப வீட்டின் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தாள். பாட்டு தெரியாது, கை மட்டும் தட்டுவாள். சக்தி தண்ணீர் கேன் போட வரும்போது நல்ல சங்கரா மீனாக இரண்டு எடுத்து வைத்திருந்து கொடுப்பாள். மறுத்தால் கோபித்துக்கொள்வாள். அவன் அதை வாங்கிக்கொண்டு போய்ச் சமைக்க ஆளில்லாத வீட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

ஒருநாள் அந்த மீன் பையோடு அவன் ஜெபின் வீட்டுக்கே வந்துவிட்டான். திட்டவில்லை, சண்டை போடவில்லை. அதுதான் ஜெபினை மேலும் வதைத்தது.

"அண்ணா, இத என்னால துன்ன முடில. அந்தம்மா புள்ளைக்குப் போடற மாரி போடுது. சத்யா போன எடுக்கமாட்டேங்குது. நீங்க சொன்னா நம்பும்ணா. ஒரு வார்த்த அதுகிட்ட சொல்லுங்க."

ஜெபின், ஜெபம் பண்ணிவிட்டுச் சொல்கிறேன் என்றார். அப்படிச் சொல்லி ஒரு வாரம் ஜெபம் பண்ணினார். உண்மையைச் சொன்னால் அந்தத் தாய்க்கு வந்த சமாதானம் போய்விடுமே என்று தமக்குத் தாமே வாதாடினார். மனந்திரும்பிய பையன்கள் பழையபடி போய்விடுவார்களே என்றும் வாதாடினார். சபையின் பெயர் என்னாகும் என்பதை மட்டும் வாதத்தில் சேர்க்கவில்லை, ஆனால் நினைக்காமலும் இல்லை. அவர் மனைவி சினேகா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். நீங்க ஜெபம் பண்றீங்களா, ஒளிஞ்சுக்கிட்டு இருக்கீங்களா என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் அவர் கீழ்க்கட்டளைக்குப் போனார். சத்யப்ரியாவின் அம்மா நாற்காலி போட்டு, காபி கொடுத்து, உள்ளே போய்விட்டாள். ஜெபின் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்ததும், சக்தியின் மேல் தப்பில்லை, நீ வீட்டுக்கு வா தங்கச்சி என்றார். சத்யப்ரியா குழந்தையை மடியில் ஆட்டிக்கொண்டே கேட்டாள்.

"எங்கிட்ட ஏன் பாஸ்டர் சொல்றீங்க? எனக்கு அவர் முன்னாடியே உண்மையத்தான் சொல்லியிருந்தார். இன்னும் தெரியாதவங்க ஒருத்தங்க இருக்காங்கல்ல. அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னு தெரிஞ்சா நானே வர்றேன்."

முத்தாலம்மாள் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து மார்க்கெட்டுக்குத் திரும்புகிற இடத்தில் கடை போட்டிருந்தாள். வியாபாரம் ஓய்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து ஜெபின் போனார். அவரைக் கண்டதும் முகம் மலர்ந்து, ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னாள். சினேகாவுக்கு நெத்திலி வேண்டுமா என்று கேட்டாள். பக்கத்துக் கடைக்காரி காது கொடுக்கிறாளோ என்ற பயத்தில் ஜெபின் குரலைத் தாழ்த்தி, குனிந்து, சொல்ல வேண்டியதைச் சொன்னார். சக்தி ஆட்டோவை விட்டு இறங்கவே இல்லை. தெருமுனையில்தான் நின்றான். வெட்டினேன் என்று சொல்லவைத்தது நான். முத்தாலம்மாள் ஒரு கையில் மீனும் ஒரு கையில் கத்தியுமாக அசையாமல் கேட்டாள்.

"அப்ப வெட்னது யாரு?"

"அவனுக்கும் தெரியாதும்மா. எல்லாரும் முகத்த மறைச்சுக் கட்டியிருந்தாங்களாம்."

"அப்ப நான் யார மன்னிச்சேன் சார்?"

அவள் மீனைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அது போகும்வரை காத்திருந்துவிட்டு மறுபடியும் கேட்டாள்.

"செரி, அத வுடு. கடசீல எம்புள்ள யம்மான்னு கூப்ட்டான்னு சக்தி சொல்லுச்சே. அதுனாச்சும் நெசமா?"

அதுவும் ஜெபின் சேர்த்ததுதான். பல்லாவரத்தில் பெண்களின் உபவாச ஜெபத்துக்குப் போகும்போது, மின்சார ரயிலில் வைத்துச் சேர்த்தார். தாய்மார்கள் நிறையப் பேர் வருவார்கள் சக்தி, அவன் கடைசியில் அம்மா என்று கூப்பிட்டதாகச் சொன்னால் மனதைத் தொடும் என்றார். சக்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அன்றைக்குப் பல்லாவரத்தில் அழாத பெண்ணே இல்லை.

"ஆமாம்மா, அது நெசந்தான்" என்றார் ஜெபின்.

இரக்கப்பட்டுத்தான் சொன்னார். பயந்தும்தான் சொன்னார். ஒரு பொய்யை எடுக்க வந்த இடத்தில் இன்னொன்றை வைத்துவிட்டோம் என்று உடனே தெரிந்தது, ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவரால் வேறொன்றும் சொல்ல முடியவில்லை. முத்தாலம்மாள் தலையாட்டினாள். கத்தியை எடுத்து மீனின் செதிலைத் தேய்க்க ஆரம்பித்தாள். நாலு தேய்ப்புத் தேய்த்தவள் நிறுத்திவிட்டாள்.

"அவந்தான் தெருமொனைலயே நின்னுகினு இருந்தான்ற. இன்ஜின் வேற ஓடிக்கினு இருந்துச்சின்ற. அப்ப யாரு கேட்டது?"

ஜெபின் தலையைக் குனிந்துகொண்டார்.

"யாரும் கேக்கலம்மா. அதுவும் நான் சொல்லிக்கொடுத்ததுதான்."

அந்த நேரம் பார்த்து ஒரு அம்மாள் ஸ்கூட்டியை நிறுத்தி, வவ்வால் மீன் என்ன விலை என்று கேட்டாள். முத்தாலம்மாள் விலை சொன்னாள். பேரம் பேசவில்லை, கேட்டதற்கே கொடுத்தாள். நறுக்கி, கவரில் போட்டு, சில்லறை எண்ணிக் கொடுத்து, அந்த அம்மாள் வண்டியைக் கிளப்பிப் போனபிறகுதான் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. ஜெபின், என்னை மன்னித்துவிடுங்கள் என்றார். சொல்லும்போதே, அவளிடம் எதையும் கேட்கத் தமக்கு யோக்கியதை இல்லை என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

"அந்த ஒரு வார்த்தைய வெச்சிக்கினுதான் சார் ராவுல கண்ண மூடிக்கினு இருந்தேன். பொய்ய அத்தினி மைக்கு கட்டி ஊருக்கே சொன்னீங்க. நெசத்த மட்டும் எங்காதாண்ட குனிஞ்சி சொல்றியே."

அவர் எழுந்திருக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், இதே வார்த்தையை மைக்கில் சொல் என்றாள் அவள். சக்தியைப் பேச வைக்கக்கூடாது, அவன் பேசினது போதும் என்றாள். ஜெபின் சரி என்றார். பிறகு மெதுவாக, சக்தியைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார்.

"ஆட்டோ ஓட்னான்ல? அதுக்கு அவன் எங்கிட்ட வரட்டும், நான் பேசிக்கறேன். நடுவுல நீ வராத."

ஞாயிற்றுக்கிழமை கொட்டகை நிறைந்திருந்தது. முத்தாலம்மாள் முதல்முறையாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சத்யப்ரியா குழந்தையோடு வந்து, உள்ளே உட்காராமல் கதவோரம் நின்றாள். சக்தி சுவர்ப் பக்கம். பாட்டு முடிந்து சாட்சி நேரம் வந்ததும் ஜெபின் தாமே மைக்கை எடுத்தார்.

சக்தி யாரையும் வெட்டவில்லை என்றார். வெட்டினதாகச் சொல்ல வைத்தவன் நான், நான் பாவி என்றார். சபைக்குப் பழக்கதோஷம். பாவி என்ற சொல் காதில் விழுந்ததுமே கொட்டகை அதிர அல்லேலூயா சொன்னார்கள். சிலர் அதற்குள் கண்ணைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்கள். பாஸ்டரே இவ்வளவு தாழ்த்திக்கொள்கிறாரே என்று அவர்களுக்கு உருக்கம். அந்தச் சத்தம் வந்து மோதியபோது, எப்போதும்போல அவர் நெஞ்சு ஒரு கணம் குளிர்ந்தது. அது குளிர்ந்ததை அவரே பார்த்துவிட்டார். அவருக்கு அருவருப்பாக இருந்தது.

கை காட்டி நிறுத்தச் சொன்னார். இது சாட்சி இல்லை, தயவுசெய்து யாரும் அல்லேலூயா சொல்லாதீர்கள் என்றார்.

"கோபு கடைசியில அம்மான்னு கூப்பிட்டதா சொன்னது என் கற்பனை. அவன் என்ன சொன்னான்னு யாருக்கும் தெரியாது. அத சக்திய மேடையில சொல்ல வச்சேன். அவங்கம்மா நேர்ல கேட்டப்பவும் முதல்ல உண்மைன்னு பொய் சொன்னேன்."

இந்தத் தடவை யாரும் எதுவும் சொல்லவில்லை. கீபோர்டு பையன் என்ன வாசிப்பதென்று தெரியாமல் கையை எடுத்துவிட்டான். ஜெபினுக்கு அடுத்து ஒரு ஜெபத்தைச் சொல்லி முடித்துவிட வேண்டும் போல இருந்தது, ஆனால் மைக்கைத் தாழ்த்திக்கொண்டார். முத்தாலம்மாள் எழுந்தாள். மேடைப் பக்கம் வரவில்லை. வரிசையைத் தாண்டிச் சுவர் ஓரமாகப் போய், சக்தியின் முன்னால் நின்றாள்.

"வா, வெளிய போய்ப் பேசலாம்" என்றாள்.

சக்தி பழக்கத்தில் ஜெபினைத் திரும்பிப் பார்த்தான். ஜெபின் தலையாட்டப் போய், நிறுத்திக்கொண்டார். சக்தி அவளுக்குப் பின்னால் நடந்தான். கதவோரம் நின்ற சத்யப்ரியா குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு அவர்களோடு இறங்கினாள். வெளியே மூன்று பேரும் பேசுவது கேட்டது. என்ன பேசுகிறார்கள் என்று உள்ளே யாருக்கும் பிடிபடவில்லை. ஜெபின் மைக்கைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை.